மூன்று வாரத் தடை 26 ஆண்டு நீண்டது: கம்ப்ரியா ஆட்டுப்பண்ணைகளில் எது அவுட்ரீச், எது அறிவிப்பு

ஆராய்ச்சி நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் ‘அவுட்ரீச்’, அதாவது மக்களிடம் அறிவியலைக் கொண்டுசெல்லும் பணி, என்ற தலைப்பில் இரண்டு மூன்று பக்கம் இருக்கும். பள்ளியில் ஆற்றிய உரை, நிறுவனத்தின் திறந்த நாள், நாளிதழ்க் கட்டுரை, வானொலிப் பேட்டி, வந்து பார்த்தவர் எண்ணிக்கை. அறிவியலாளர் பேசினார், மக்கள் கேட்டார்கள் என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. மக்கள் பேசி அறிவியலாளர் கேட்டுக்கொண்ட நேரத்தை எழுத அதில் பெரும்பாலும் இடமே இருக்காது. அந்த இடம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் காட்டும் நிகழ்வு ஒன்று உண்டு. செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளில் ஆடு வளர்ப்பவர்களுக்கும் அரசு அறிவியலாளர்களுக்கும் இடையே நடந்தது அது. லங்காஸ்டர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் பிரையன் வின் அந்த விவசாயிகளை நேரில் கண்டு பேசிப் பதிவு செய்ததால், அதன் நுணுக்கங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

எங்கள் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கேட்டவரின் கேள்வி திரும்பி வந்து ஆய்வின் ஏதாவது ஒரு பகுதியை, அளக்கும் இடத்தையோ எடுத்துக்கொண்ட அனுமானத்தையோ தரும் அறிவுரையையோ, மாற்ற வழி இருந்தால்தான் அதை அவுட்ரீச் என்று எண்ண வேண்டும். வழி இல்லாதது அறிவிப்பு. அறிவிப்பும் தேவையானதுதான், அதை அதன் பெயரிலேயே எண்ணுவோம்.

நடந்தது என்ன

1986 ஏப்ரல் 26 அதிகாலை செர்னோபில் 4ஆம் உலை வெடித்தது. கதிரியக்கத் தூசியைச் சுமந்த காற்று மே 2 அன்று பிரிட்டன் மேல் வந்தது. வறண்ட வானிலையில் அது கடந்து போயிருந்தால் தரையில் படிந்திருப்பது கொஞ்சமே. ஆனால் மே 2, 3 தேதிகளில் கம்ப்ரியா, வடக்கு வேல்ஸ், ஸ்காட்லாந்தின் தென்மேற்கு, வட அயர்லாந்து ஆகிய இடங்களின் மலைகளில் கனமழை கொட்டியது. மழை காற்றைக் கழுவித் தூசியைப் புல்லில் இறக்கிவிட்டது. மழை பெய்த இடத்துக்கும் பெய்யாத இடத்துக்கும் படிவில் பல மடங்கு வேறுபாடு.

மே 6 அன்று சுற்றுச்சூழல் அமைச்சர் கென்னத் பேக்கர், இந்த மேகத்தின் விளைவுகள் ஏற்கெனவே மதிப்பிடப்பட்டுவிட்டன, பிரிட்டனில் யாருடைய உடல்நலத்துக்கும் ஆபத்தில்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆறு வாரம் கழித்து, ஜூன் 20 அன்று, கம்ப்ரியாவிலும் வடக்கு வேல்ஸிலும் ஆடுகளை இடம் மாற்றவும் இறைச்சிக்கு வெட்டவும் தடை வந்தது. சில குட்டிகளின் இறைச்சியில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருளின் அளவு, கிலோவுக்கு 1,000 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணுச் சிதைவு என்பது ஒரு பெக்கரல்) என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. தடை மூன்று வாரத்துக்கு என்றார்கள். சில நாளில் ஸ்காட்லாந்துக்கும் தடை வந்தது. ஜூலையில் கெடு முடிந்தபோது அளவு எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. தடை காலவரையின்றி நீட்டிக்கப்பட்டது. உச்சத்தில் பிரிட்டன் முழுவதும் சுமார் 9,800 பண்ணைகளும் 40 லட்சத்துக்கு மேற்பட்ட ஆடுகளும் அதில் அகப்பட்டிருந்தன.

கம்ப்ரியாவில் தடைப் பகுதி சில மாதங்களில் சுமார் 150 பண்ணைகளாகச் சுருங்கியது. அதன் பிறகு எளிதில் சுருங்கவில்லை. வட அயர்லாந்தில் 2000இலும் ஸ்காட்லாந்தில் 2010இலும் தடை நீங்கியது. வேல்ஸிலும் கம்ப்ரியாவிலும் கடைசிப் பண்ணைகள் விடுபட்டது 2012 ஜூன் 1 அன்று.

மூன்று வாரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது

அந்தக் கணக்கு பொறுப்பில்லாமல் போட்டதல்ல. புல்லின் மேல் ஒட்டிய சீசியம், மழையாலும் புல் வளர்வதாலும் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பாதியாகக் குறையும். ஆட்டின் உடலுக்குள் போன சீசியம், சுத்தமான தீவனம் கிடைத்தால் 10 முதல் 20 நாளில் பாதியாகும். மண்ணுக்குள் இறங்கியது களிமண்ணோடு பிணைந்து வேருக்கு எட்டாமல் போய்விடும். இந்த மூன்றையும் சேர்த்தால், ஒரு மாதத்துக்குள் குட்டிகள் வரம்புக்குக் கீழே வந்துவிடும் என்பது நியாயமான முடிவு.

மூன்றாவது படியில்தான் பிழை. சீசியம் வேதியியலில் பொட்டாசியத்தின் உறவு. இல்லைட் போன்ற களிக் கனிமங்களின் அடுக்குகளுக்கு இடையே அது போய் இறுகப் பற்றிக்கொள்ளும். அங்கிருந்து எளிதில் வெளிவராது. சமவெளி வயல்களில் செய்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின. கம்ப்ரியா மலைமேட்டின் மண் வேறு. அது மட்கிய செடிகள் அடர்ந்து, அமிலம் கூடி, எப்போதும் ஈரம் சொட்டும் பீட் மண். அதில் களிக் கனிமம் அரிது, பொட்டாசியமும் குறைவு. பொட்டாசியத்துக்கு ஏங்கும் வேர் அதன் உறவான சீசியத்தையும் சேர்த்து உறிஞ்சுகிறது. செடி மட்கினால் சீசியம் மறுபடி அதே மேல்மண்ணுக்கு வருகிறது; அடுத்த வசந்தத்தில் அடுத்த புல்லுக்குள் ஏறுகிறது. சீசியம்-137இன் அரை ஆயுள், அதாவது அது சிதைந்து பாதியாகும் காலம், 30 ஆண்டு. சுற்று நிற்காவிட்டால் தடையும் நிற்காது.

1960களில் அணுகுண்டுச் சோதனைத் தூசியை ஆராய்ந்தவர்களுக்குப் பீட் மண்ணின் இந்தக் குணம் புதிதல்ல. அந்த அறிவு 1986இல் முடிவெடுத்தவர்களின் மேசைக்கு உரிய நேரத்தில் வரவில்லை. இன்னொரு வழியிலும் அது வந்திருக்க முடியும். எந்தச் சரிவில் தண்ணீர் தேங்கும், எங்கே புளித்த மண், எங்கே சுண்ணாம்பு போட்டால் புல் தேறும், எந்த மேட்டில் ஹெதர் புதர் தவிர வேறு எதுவும் பிடிக்காது என்பது அங்கே ஆடு மேய்ப்பவர்களின் அன்றாட அறிவு. சீசியத்தைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. உங்கள் மேய்ச்சல் நிலத்தில் எவ்வளவு பங்கு களிமண் என்று ஜூன் மாதத்தில் ஒருவர் கேட்டிருந்தால், கணக்கின் மூன்றாவது படி மலைமேட்டுக்குப் பொருந்தாது என்பது அன்றைக்கே வெளிப்பட்டிருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்பதை யாரும் தங்கள் வேலையாகக் கருதவில்லை.

அறிவுரைகள் மோதிய இடம்

மலைப்பண்ணையின் ஆண்டுச் சுழற்சியைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்து நடந்தது புரியும். குட்டிகள் வசந்தத்தில் பிறக்கின்றன. கோடையில் தாயோடு வேலியில்லாத பொது மலையில் மேய்கின்றன. ஆகஸ்ட் தொடங்கி இலையுதிர் காலம் வரை, கொழுக்க வைப்பதற்காகச் சமவெளிப் பண்ணைகளுக்கு விற்கப்படுகின்றன. ஆண்டு வருமானம் இந்தச் சில வாரங்களில்தான். பண்ணை வீட்டை ஒட்டிய பள்ளத்தாக்கு நிலம் சிறியது. அதில் விளையும் புல்லை அறுத்துக் குளிர்காலத் தீவனமாகச் சேமிக்க வேண்டும்.

முதலில் கிடைத்த அறிவுரை, பொறுங்கள், விற்க அவசரப்படாதீர்கள், தடை விரைவில் நீங்கிவிடும் என்பது. பொறுத்தவர்களின் நிலத்தில் ஆடு அதிகமாகிப் புல் தீர்ந்தது, குட்டிகள் மெலிந்தன, விலை இறங்கியது. மலைப் புல்லில் அளவு அதிகமாக இருப்பதால் குட்டிகளைப் பள்ளத்தாக்கில் வைத்து மேய்க்கச் சொன்னதும் அறிவியல்படி சரியான யோசனையே. பள்ளத்தாக்கு மண்ணில் களி இருக்கிறது, புல்லில் சீசியம் குறைவு. ஆனால் அங்கே மேய்த்துவிட்டால் ஜனவரியில் தீவனம் இருக்காது. வைக்கோல் போன்ற மாற்றுத் தீவனம் கொடுக்கலாம் என்ற யோசனையும் வந்தது. பிறந்ததிலிருந்து மலைப் புல்லும் ஹெதரும் தின்று வளர்ந்த ஆடு வைக்கோலை முகர்ந்துவிட்டுப் போய்விடும் என்பது அங்கே சிறுவர்களுக்கும் தெரியும். வின் பேட்டி கண்டவர்கள் அறிவியலாளர்களிடம் நம்பிக்கை இழக்கத் தொடங்கியது இப்படிப்பட்ட இடங்களில். கதிரியக்கம் பற்றிய பெரிய சொற்கள் அவர்களை விரட்டவில்லை. ஆட்டைப் பற்றித் தெரியாதவர் ஆட்டைப் பற்றிப் பேசியது விரட்டியது.

பிறகு ஓகஸ்டில் ‘குறியிட்டு விடுவித்தல்’ என்ற ஏற்பாடு வந்தது. ஆட்டை உயிரோடு அளந்து, வரம்பைத் தாண்டினால் உடலில் வண்ணம் பூசி, இறைச்சிக்கு வெட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு சமவெளிக்கு விற்க அனுமதித்தார்கள். அங்கே சுத்தமான புல் தின்றால் சில வாரங்களில் சீசியம் வெளியேறிவிடும். உடலியல்படி நல்ல ஏற்பாடு. சந்தையில் வண்ணம் பூசிய ஆட்டைக் கண்டதும் வாங்குபவர் விலையைக் குறைத்தார். பின்னாளில் அளவிடும் தொல்லைக்காக ஓர் ஆட்டுக்கு 1.30 பவுண்டு கொடுத்தார்கள். ஆண்டுகள் போகப் போக விலைவாசி ஏறியும் அந்தத் தொகை அப்படியே நின்றது.

பென்டோனைட் சோதனை இந்த நிகழ்வில் மிகவும் யோசிக்க வைப்பது. பென்டோனைட் ஒரு களிமண், சீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். நிலத்தில் வெவ்வேறு அளவில் அதைத் தூவினால் எந்த அளவில் ஆட்டின் உடலில் சீசியம் குறைகிறது என்று பார்க்க, அறிவியலாளர்கள் வேலியிட்ட பாத்திகள் அமைத்து ஆடுகளை உள்ளே விட்டார்கள். சோதனை வடிவமைப்பின் பாடப்புத்தக விதி இது: ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வை. விவசாயிகள் பார்த்ததும் சொன்னார்கள்: இந்த ஆடுகள் வேலிக்குள் வாழ்ந்தவை அல்ல, அடைத்தால் தேறாது, மெலிந்துவிடும். ஹெர்ட்விக் போன்ற மலை இனங்கள் தாயிடமிருந்து மேய்ச்சல் எல்லையைக் கற்று, வேலியே இல்லாத மலையில் தம் பகுதியை விட்டுப் போகாமல் வாழ்பவை. அடைத்து வைத்த ஆட்டின் உடல்நிலை மாறினால் அது தின்னும் அளவும் சீசியம் வெளியேறும் வேகமும் மாறும். அப்போது பாத்திகளுக்கு இடையே தெரியும் வேறுபாடு பென்டோனைட்டால் வந்ததா, அடைபட்டதால் வந்ததா என்று பிரிக்க முடியாது. விவசாயிகள் வைத்தது, பொருத்தமான சொல்லில் சொன்னால், சோதனை முறை பற்றிய விமர்சனம். அதை அப்படி யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சோதனை பிறகு கைவிடப்பட்டது. அவர்கள் முன்பே சொன்ன காரணத்துக்காகத்தான்.

கருவியின் முன்னே நின்றவர்கள் கண்டது

ஆட்டை உயிரோடு அளப்பது எளிய வேலைபோலத் தோன்றும். ஆட்டை இருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் சோடியம் அயோடைடு படிகம் வைத்த கருவியைப் பின்தொடைப் பகுதியில் அழுத்தி வைத்து, குறித்த நொடிகளில் வரும் துடிப்புகளை எண்ணுகிறார். எண்ணிக்கையைக் கிலோவுக்கு இத்தனை பெக்கரல் என்று மாற்ற ஒரு பெருக்கெண் உண்டு. பிழை மூன்று வழியில் நுழைகிறது. தரையிலேயே சீசியம் இருப்பதால் தரையின் கதிர்வீச்சும் கருவிக்குள் வரும். அதைத் தனியே அளந்து கழிக்க வேண்டும், ஆடு நிற்கும் இடம் மாறினால் மறுபடி அளக்க வேண்டும். ஆடு நெளிந்தால் கருவிக்கும் சதைக்கும் இடைவெளி விழும். மூன்றாவது, கதிரியக்கச் சிதைவு தற்செயலானது: 100 துடிப்பு எண்ணினால் பிழை சுமார் 10, அதாவது 10 சதவீதம், 400 எண்ணினால் 20, அதாவது 5 சதவீதம்.

வின் பதிவில் ஒரு விவசாயி சொல்வது: ஒரு நாளில் 500 ஆடுகளை அளந்தார்கள்; இன்னொரு நாள் நிறைய ஆடுகளை அளந்தபோது 13, 14 ஆடுகள் தேறவில்லை. அளந்தவர், அவற்றை மறுபடி பார்ப்போம் என்றார். எண்ணிக்கை மூன்றாக இறங்கியது. விவசாயிக்கு அதில் ஆதாயம்தான். ஆனாலும் தொலைக்காட்சியில் உறுதியாகப் பேசிய அறிவியல் தன் முற்றத்தில் இப்படி நெகிழ்வதை அவர் கவனித்தார்.

புள்ளியியல் தெரிந்தவர் இதில் கவனிக்க வேண்டியது வேறு. தேறாத ஆடுகளை மட்டும் மறுபடி அளந்தால், உடலில் எதுவும் மாறாமலே எண்ணிக்கை குறையும். உண்மை அளவு 950 உள்ள ஆடு முதல் முறை தற்செயலாக 1,020 காட்டியிருக்கும். மறுமுறை 940 காட்டும். அதேபோல் உண்மை அளவு 1,040 உள்ள ஆடு தற்செயலாக 980 காட்டித் தேறிவிட்டிருக்கும். அதை யாரும் மறுபடி அளப்பதில்லை. பிழை ஒரே பக்கம் சாய்கிறது. சரியான முறை இரண்டு உண்டு. மறு அளவீடு செய்வதானால், வரம்புக்கு இருபுறமும் ஒரே அகலமுள்ள பட்டைக்குள் விழும் எல்லா ஆடுகளையும் அளந்து இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். இந்த விதியை அளக்கும் முன்பே அறிவிக்க வேண்டும். இல்லையென்றால், கருவியின் பிழையைக் கணக்கில் வைத்து நடைமுறை வரம்பை இறக்க வேண்டும். பிரிட்டனில் பின்னர் இந்த இரண்டாவது வழியைத்தான் கைக்கொண்டார்கள்: சட்ட வரம்பு 1,000 ஆக இருக்க, களத்தில் 645 பெக்கரலைத் தாண்டினாலே ஆடு தேறாது.

இந்தக் கணக்கை ஒரு விவசாயிக்கு அரை மணியில் விளக்க முடியும். மழையையும் சந்தையையும் நம்பிப் பிழைப்பவருக்கு நிச்சயமின்மை புதிதல்ல. பீதி வரக்கூடாது என்று பிழை அளவை மறைத்ததால், கருவியைப் பார்த்த கண்ணே சந்தேகத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

1957இலிருந்து வந்த கேள்வி

தடை நீங்காத பகுதி, வரைபடத்தில் செல்லஃபீல்டு அணு வளாகத்தை ஒட்டி வளைந்து கிடந்தது. அந்த வளாகத்தின் பழைய பெயர் விண்ட்ஸ்கேல். 1957 அக்டோபர் 10 அன்று அங்கே உலை தீப்பிடித்து, சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைக் கொட்டச் சொன்னார்கள். விபத்து பற்றிய முழு அறிக்கையை அன்றைய பிரதமர் ஹரால்ட் மாக்மிலன் வெளிவிடாமல் நிறுத்தினார். 1988 ஜனவரியில்தான் அது வெளிவந்தது. ஆகவே 1986இல் விவசாயிகள் கேட்டது இயல்பான கேள்வி: இது செர்னோபிலிலிருந்து வந்ததுதானா, முன்பே இங்கே இருந்ததா? அதற்கு முன் இந்த மலைகளில் அளந்த கணக்கைக் காட்டுங்கள்.

செர்னோபில் தூசிக்கு அடையாளம் உண்டு, இது அதுதான் என்று பதில் வந்தது. அடையாளம் உண்மையானது. செர்னோபில் சீசியத்தில் சீசியம்-137, சீசியம்-134 என்ற இரண்டு கதிரியக்க வகைகளுக்கும் விகிதம் ஏறக்குறைய 2:1. சீசியம்-134இன் அரை ஆயுள் சுமார் இரண்டு ஆண்டு என்பதால், 1957இல் விழுந்ததில் 1986க்குள் 14 அரை ஆயுள் கழிந்து 134 அனேகமாக இல்லாமல் போயிருக்கும். எனவே ஒரு மண் மாதிரியில் 134 எவ்வளவு என்று அளந்து, அதை 1986 மே மாத அளவுக்குத் திருத்தி, இரண்டால் பெருக்கினால் செர்னோபிலின் பங்கு வரும். மீதி பழையது. சீசியம்-137 அளவு 400 பெக்கரலும் சீசியம்-134 அளவு 100 பெக்கரலும் இருந்தால், செர்னோபிலின் பங்கு 200. மற்ற 200 அதற்கு முன்பு விழுந்தது. இந்தக் கணக்கை முழுமையாகப் போட்டபோது, வின் பதிவின்படி, அந்தப் பகுதிச் சீசியத்தில் சுமார் பாதிதான் செர்னோபிலினுடையது என்று தெரிந்தது. மற்றது அணுகுண்டுச் சோதனைகள், 1957 தீ ஆகியவை உள்ளிட்ட பழைய மூலங்களிலிருந்து வந்தது.

விவசாயிகளின் கேள்வியில் அறிவியல் பிழையே இல்லை. பதில் சொல்லத் தேவையான கருவியும் கையிலேயே இருந்தது. அவர்கள் கேட்டதை அறியாமையாலும் பழைய கசப்பாலும் வந்த சந்தேகம் என்று வைத்துக்கொண்டு, அளவீட்டுக்குரிய கேள்வியாக எடுத்துக்கொள்ளாததுதான் தவறு.

எதை எண்ணுவது

இந்த நிகழ்வுக்கு ஓர் ஆண்டு முன்பு, 1985இல், பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி, மரபியலாளர் வால்டர் பாட்மர் தலைமையில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மக்களிடம் அறிவியலை எடுத்துச் சொல்வது அறிவியலாளரின் கடமை என்று அது வலியுறுத்தியது. 1986இலேயே அறிவியலைச் சிறப்பாக எடுத்துச் சொல்பவருக்கான ஃபாரடே பரிசும் தொடங்கியது. நல்ல முயற்சிகள். ஆனால் மக்களிடம் இருப்பது தகவல் பற்றாக்குறை, அதை நிரப்பினால் நம்பிக்கை வரும் என்ற எண்ணம் அவற்றின் அடியில் இருந்தது. கம்ப்ரியா அந்த எண்ணத்துக்கு வந்த சோதனை. அங்கே பற்றாக்குறை இரு பக்கமும் இருந்தது. நிரப்ப முயன்றது ஒரு பக்கத்தை மட்டும். 2000இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவை வெளியிட்ட அறிவியலும் சமூகமும் பற்றிய அறிக்கை உரையாடல் என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தது.

இப்போது கம்ப்ரியாவில் நடந்தவற்றை எண்ணிப் பார்ப்போம். மே 6 அறிக்கையும் ஜூன் 20 தடையும் அறிவிப்புகள். அச்சிட்ட விளக்கத் தாள்களும் அதே. அளவீட்டுக் குழு முற்றத்துக்கு வந்தது அவுட்ரீச்சாக ஆகியிருக்கக்கூடிய வாய்ப்பு: இரு தரப்பும் ஒரே கருவியின் முன் நின்றார்கள், கேள்விகள் எழுந்தன. அவற்றை எழுதிக்கொண்டு போகும் பொறுப்பு அளந்தவருக்குத் தரப்படவில்லை. பென்டோனைட் பாத்தியும் அப்படியே. விமர்சனம் வேலியருகே பேசப்பட்டு அங்கேயே நின்றுவிட்டது. தகவல் தொடர்பு வேலை ஏராளமாக நடந்த ஓர் இடத்தில், எங்கள் அளவுகோலின்படி எண்ணத் தக்கது மிகக் குறைவு.

இந்த அளவுகோல் பள்ளி உரைகளையும் நட்சத்திரம் பார்க்கும் இரவுகளையும் ஒதுக்கிவிடுமா என்று கேட்கலாம். ஒதுக்காது. அங்கே யாருடைய பிழைப்பும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. பார்த்த மகிழ்ச்சியே போதுமான பயன், அதைக் கற்பித்தல் என்று தாராளமாக எண்ணலாம். கேட்பவரின் நிலம், உணவு, உடல், வருமானம் ஆகியவற்றைப் பற்றி அறிவியலாளர் பேசும்போதுதான் இந்தக் கடுமை தேவை.

திரும்பும் வழி இருந்த இரண்டு இடங்கள்

பெலாரஸின் ஸ்டோலின் மாவட்டத்தில் ஓல்மனி என்ற கிராமம். 1996இல் பிரெஞ்சு நிபுணர் குழு ஒன்று ‘எத்தோஸ்’ என்ற பெயரில் அங்கே வேலை தொடங்கியது. உரை நிகழ்த்துவதற்குப் பதில், முதலில் ஊராரின் கவலைகளைக் கேட்டு, அவற்றைச் சுற்றிக் குழுக்கள் அமைத்தார்கள். இளம் தாய்மார்களுக்குக் கருவி கொடுத்தார்கள். வீடு, முற்றம், பிள்ளைகளின் பால் என்று அவர்களே அளந்தார்கள். எந்த மேய்ச்சல் நிலத்தின் வைக்கோல் தின்ற பசுவின் பாலில் சீசியம் அதிகம் என்று நிலம் நிலமாகப் பிரிந்து தெரிந்தது. எந்த வைக்கோலை எந்தப் பருவத்தில் போடுவது என்பது வீட்டுக்குள்ளேயே எடுக்கக்கூடிய முடிவானது. மாவட்டச் சராசரி எண் எதுவும் இதைத் தந்திருக்காது.

இரண்டாவது ஃபுகுஷிமா. 2012 ஏப்ரலிலிருந்து ஜப்பானில் உணவு வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல். வயலில் பொட்டாசியம் போட்டால் நெல் சீசியத்தை விடுத்துப் பொட்டாசியத்தை எடுக்கும் என்பதால், 100 கிராம் மண்ணில் பொட்டாசியம் ஆக்சைடு 25 மில்லிகிராம் இருக்கும்படி உரமிடச் சொன்னார்கள். அறிவியல்படி மாதிரிச் சோதனை போதும். ஆனால் வாங்குபவர் கேட்டது, என் கையிலுள்ள மூட்டை எப்படி என்று. 2012 அறுவடையிலிருந்து அந்த மாகாணத்தின் 30 கிலோ மூட்டைகள் அனைத்தையும், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி மூட்டைகளை, ஒவ்வொன்றாக அளந்து முடிவை எண்ணிட்டு வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் வரம்பைத் தாண்டியவை 71. 2015 அறுவடை முதல் ஒன்றும் இல்லை. இதில் உரையும் கண்காட்சியும் கிடையாது. கேட்டவரின் கேள்வி அளவீட்டின் வடிவத்தையே மாற்றியது. எந்த ஆண்டறிக்கையிலும் இதைத்தான் நாங்கள் முதல் வரியில் எழுதுவோம்.

களத்துக்குப் போகிறவர்களுக்கு

கணக்கிடும் முறைகள் இப்போது அதிகாரப்பூர்வமாகவே வந்துவிட்டன. பிரிட்டனின் 2021 ஆராய்ச்சி மதிப்பீட்டில் சமூக விளைவுக்கு 25 சதவீத மதிப்பெண். இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2019இல் வெளியிட்ட அறிவியல் சமூகப் பொறுப்புக் கொள்கை வரைவு, ஒருவர் ஆண்டுக்கு 10 நாளாவது இதற்கு ஒதுக்க வேண்டும் என்றது. நாளை எண்ணுவது எளிது என்பதால் நாள் மட்டும் எண்ணப்படும் அபாயம் உண்மையானது. அதைத் தவிர்க்க நாங்கள் பரிந்துரைப்பது ஒரு கேள்விப் பதிவேடு.

போகும் முன் கணக்கின் அனுமானங்களை ஒரு தாளில் தனித்தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள்: மண் இப்படி, தண்ணீர் இந்தத் திசையில், இந்த மாதத்தில் அறுவடை. உங்கள் எண்ணைச் சொல்வதற்கு முன்பே ஒவ்வொரு வரியையும் உள்ளூரில் இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகச் சரிபாருங்கள். எண்ணைச் சொல்லிவிட்டால் பேச்சு முழுவதும் அதைச் சுற்றியே ஓடும், அனுமானத்தை யாரும் தொடமாட்டார்கள். சரிபார்க்கத் தலைவரையும் அதிகாரியையும் மட்டும் தேடிப் போகாதீர்கள். நிலத்தில் தினம் கால் வைப்பவரிடம் போங்கள். அளவீடு செய்தால் ஒரே வயலில் குறைந்தது ஐந்து இடத்தில் அளந்து ஐந்து எண்களையும் காட்டுங்கள், சராசரியைப் பிறகு சொல்லுங்கள். கெடு சொல்ல வேண்டியிருந்தால், எந்த அனுமானம் பொய்த்தால் அது நீளும் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். ‘மூன்று வாரம், மண் களிமண்ணாக இருந்தால்’ என்று 1986இல் சொல்லியிருந்தால், இங்கே களிமண் இல்லையே என்று யாராவது எழுந்து சொல்லியிருப்பார்கள்.

பதிவேட்டில் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவரின் வாய்ச்சொல்லிலேயே எழுத வேண்டும். அலுவலக நடைக்கு மாற்றும்போதுதான் கேள்வி உயிரிழக்கிறது: ‘அடைத்தால் ஆடு தேறாது’ என்பது ‘விவசாயிகள் கவலை தெரிவித்தனர்’ என்று ஆகிவிட்டால், அதில் இருந்த சோதனை முறை விமர்சனம் மறைந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே மூன்றில் ஒன்று வர வேண்டும்: அங்கேயே பதில் சொன்னோம்; அளவீடாகவோ அனுமான மாற்றமாகவோ எடுத்துக்கொண்டோம்; எடுத்துக்கொள்ள முடியவில்லை, காரணம் இது. கடைசி நெடுவரிசையில், பதில் கேட்டவரிடம் நேரில் போய்ச் சேர்ந்த தேதி. ஆண்டறிக்கைக்கு எண்ணிக்கை கேட்டால், இரண்டாவது வகையில் எத்தனை கேள்வி, தேதி விழுந்தது எத்தனைக்கு என்ற இரண்டு எண்களைக் கொடுங்கள். கூட்டத்துக்கு வந்தவர் எண்ணிக்கையை அதற்குக் கீழே எழுதலாம்.